லைசன்ஸ் வாங்கப் போற மகளுக்கு

என் தங்கத்துக்கு,

போன்ல பேசுனா ஒங்கப்பா காதுல விழும், அதான் எழுதுறேன். கவுன்சிலிங் படிப்பை முடிச்சிட்டியே, இன்னும் பெரியவங்க மேற்பார்வையில வேலை பார்த்தாத்தான் அமெரிக்காவுல லைசன்ஸ் தருவாங்களா? அவங்களும் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்களா? அழுதுக்கிட்டு வாரவங்க கூச்சப்பட மாட்டாங்களா?

லைசன்ஸ் கெடச்சாலும் சொந்தக்காரங்களுக்கு நீ பார்க்கக் கூடாதுன்னு சொன்னியே, அதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. புயல்ல முந்திரித்தோப்பு சாஞ்சதுலேருந்து ஒங்கப்பா யாருகிட்டயும் பேசுறதில்ல. ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்குறார். நீ வந்து அவருக்குக் கவுன்சிலிங் குடுப்பேன்னு ஒன்னைத்தான் நம்பியிருந்தேன்.

நேத்து சோறு போடும்போது அந்த விதியைச் சொன்னேன். "சும்மா மகளா வரலாம்ல?"ன்னு கேட்டார். அப்புறம் ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டார்.

எப்ப வார, ஆத்தா?

ஒன் அம்மா