பெயின்டுக்கு அடியில் ஒரு விரிசல்

ஜூலை 14, ஞாயிறு

ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு மலைப்பாதை சைக்கிள் எதற்கு என்று கேட்டபடியேதான் என் வீட்டுக்காரர் மந்தைவெளிக்கு வந்தார். பழைய சைக்கிள் விற்கும் கடைக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இவரிடமே சொன்னார். புதுப் பெயின்ட் பளபளத்தது. இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

நான் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டேன். சக்கரங்கள் நேராகத்தான் சுற்றின. ஹேண்டில்பாருக்குக் கீழே, குழாய்கள் சேரும் வெல்டிங்கில் விரலை ஓட்டினேன். பெயின்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் நகத்தில் தட்டியது.

"இன்னா சார், மேடம் இவ்ளோ நோண்டுறாங்க? அது சும்மா கீறல்தான்" என்றார் கடைக்காரர்.

"அப்ப பெயின்டைச் சுரண்டிக் காட்டுங்க" என்றேன். அவர் சைக்கிளை நிமிர்த்தி வைத்தார்.

"போதும் விடு, மானம் போகுது" என்றார் இவர்.

"இறக்கத்துல ஃப்ரேம் உடைஞ்சா போறது என் பல்லு."

இவருடைய ஸ்கூட்டரில் நான் ஏறவில்லை. பஸ் பிடித்து அசோக் நகருக்குப் போய், அங்கே ஒரு வீட்டில் விற்பனைக்கு இருப்பதாக விளம்பரத்தில் பார்த்திருந்த, பெயின்ட் உரிந்த ஆனால் விரிசல் இல்லாத சைக்கிளை வாங்கி, மயிலாப்பூர் வரை ஓட்டியே வந்தேன். தொடை இன்னும் நடுங்குகிறது. சைக்கிள் கூடத்தில் நிற்கிறது. காலையில் வெளியே எடுத்து வை என்கிறார்.

வைக்க மாட்டேன்.