மரத்துக்கு அந்தப் பக்கம்

நேற்று மோகனூரில் ஒரு கல்யாணப் பந்தி. பாக்கு மட்டைத் தட்டில் சுடுசோறு விழுந்ததும் மட்டை வாசம் எழும்பியது. பக்கத்தில் எல்லோரும் ரசம் வரைக்கும் போய்விட்டார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிக் வண்டியோடு குடகுப் பக்கம் போர்வெல் போடப் போய்த் திரும்பும்போதெல்லாம் நீங்கள் சொல்வது ஒரே கதைதான். பாக்குத் தோப்பில் ஒரு ஓணான், கழுத்தில் மஞ்சளாக ஒரு பை, விலாவை விசிறி மாதிரி விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும் என்பீர்கள். பெண்டாட்டியிடம் அளக்க வேறு பொய் கிடைக்கவில்லையா என்று கேட்பேன். உனக்குக் காட்டாமல் விடமாட்டேன் என்று கொல்லிமலைக்குக் கூட்டிப் போனீர்கள்.

பலா, மிளகு படர்ந்த சில்வர் ஓக் என்று ஒரு மரம் விடவில்லை. ஆளைக் கண்டால் அது தண்டைச் சுற்றி மறுபக்கம் ஒளிந்துகொள்ளும், அதனால் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும் என்பது உங்கள் சட்டம்.

"உம்பட பக்கத்த உட்டு நகராத, சாமி. அந்தப் பக்கம் நான் இருக்கறேன்."

கண்ணில் பட்டதெல்லாம் நம்மூர் ஓணான்தான். மலை இறங்கும்போது உங்கள் முகமே வாடிப்போயிருந்தது. நம் காட்டில் அது ஏன் இல்லை என்று கேட்டேன்.

"அதுக்கு ஈரக்காத்து வேணும், மரம் நெருக்கமா நிக்கோணும். நம்மூர்ல மரத்துக்கு மரம் பஸ்ஸுதான் புடிக்கோணும்" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். அடுத்த மழை ஓய்ந்ததும் குடகுக்கே கூட்டிப் போவதாகச் சொன்னீர்கள். அந்த மழைக்கு நீங்கள் இல்லை.

போன மாதம் நம் மகன் குடகுக்குக் கூட்டிப் போனான். அவன் காரருகே போனில் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் தோப்புக்குள் நடந்தேன். ஒரு மரப்பட்டையில் மஞ்சளாக ஏதோ விரிந்து மடங்கியது. கிட்டே போனேன், சட்டென்று மறுபக்கம் போய்விட்டது.

"ஏனுங்க, உங்க பக்கம் வருதுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தோப்பில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் சொன்னது பொய்யில்லை என்று சொல்லக்கூட எனக்கு ஆளில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

கூப்பிட்டிருந்தால் மகன் வந்து மறுபக்கம் நின்றிருப்பான். மனசு வரவில்லை. அது நீங்கள் நிற்கும் இடம். இன்றைக்கும் நம் வாசல் வேம்பில் ஓணான் ஏறினால், என் பக்கத்தை விட்டு நான் நகர்வதில்லை.