இரண்டு சட்டிக் குழம்பு

பெயர் சொல்லாமல் "இந்தா" என்றே நாற்பத்திரண்டு ஆண்டுகள் நான் கூப்பிட்ட என் பூங்காவனத்துக்கு,

குறிப்பு எழுதிக்கொள்ளாமல் நான் ஒரு பாடமும் நடத்தியதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் முதல் வருஷப் படையலுக்கு முந்தின வாரமே இந்தக் கடிதத்துக்கும் குறிப்பு எழுதிவைத்தேன். அதை மாற்றாமல் தருகிறேன்.

1. நம் வீட்டுச் சாப்பாடு சப்பென்று இருப்பதாக ஊர் ஏன் சொன்னது.
2. உனக்குக் காரம் ஆகாது. அதனால் உன் சமையலிலும் காரம் இல்லை.
3. படையலுக்கு நான் எழுதித் தரப்போகும் பட்டியல்.

முதலாவது. "வாத்தியார் வூட்டுக் கொழம்பா? அது ஆஸ்பத்திரிக் கொழம்பாச்சே!" என்று சொந்தக்காரர்கள் உன் எதிரிலேயே சிரிப்பார்கள். "பேஷண்டு அங்க குந்திக்கினு கீறாரு பாருங்க" என்று நீ என்னைக் காட்டுவாய். நானும் சிரிப்பேன்.

சப்பென்று இருப்பது சாப்பாட்டின் குணமா, சாப்பிடுகிறவர் வளர்ந்த வீட்டின் குணமா? பிரான்ஸிலிருந்து வந்த நம் மகள் கவிதாவிடம் கேட்டேன். "அவங்க சாப்பாடு சப்புன்னு கீதுன்னு அங்க நம்மாளுங்க கிண்டல் பண்ணுவாங்கப்பா. பக்கத்து வூட்டுக்காரம்மா ஒரு வெங்காய சூப்புக்கு அரை நாள் அடுப்பாண்டயே நிக்கிறாங்க. அத்தப் போயி சப்புன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

நம் வீட்டில் காரம் குறைவாக இருந்தது ஓர் அந்தஸ்து. நிலமும் கறவையும் இருந்தன. பருப்பும் நெய்யும் தேங்காயும் தாராளமாக இருந்ததால் மிளகாயை நம்பி அந்தச் சோறு இறங்க வேண்டியதில்லை. அடுப்பில் தினமும் இரண்டு சட்டி ஏறும். ஒன்று வீட்டுச் சட்டி, மற்றது கழனியில் வேலை செய்கிறவர்களுக்கான ஆள் சட்டி. "ஆளுங்க சட்டியில இன்னும் ரெண்டு கை மொளகா போடு. அப்பத்தான் கொழம்பக் கம்மியா ஊத்திக்குவாங்க" என்று அம்மா சொல்வார். அவர்களுக்குக் காரம்தான் பிடிக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அப்படிப் பேசிக்கொள்வது வசதியாக இருந்தது.

இரண்டாவது. சோரியாங்குப்பத்தில் உன் அப்பாவுக்கு இருந்தது அரைக் காணி நிலம்தான். நீயே நடவுக்குப் போனவள். கல்யாணமாகி வந்த முதல் வாரம், உங்கள் வீட்டு வழக்கப்படி நீ ஒரு குழம்பு வைத்தாய். அம்மா ஒரு வாய் வைத்ததும், "இன்னாடி இது, நடவாளுங்க கொழம்பாட்டம்! இந்த வூட்டுல யாருக்குடி இது?" என்றார். நான் இருமினேன். தண்ணீர் குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குழம்பு நன்றாக இருந்ததா? அதுகூட நினைவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டுச் சட்டியில் காரம் ஏறவில்லை. அம்மா இறந்த பிறகும் ஏறவில்லை. ஆகவே உனக்கே காரம் ஆகாது என்று முடிவு கட்டினேன். உன்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மூன்றாவது. இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைக்க வேண்டும். "அம்மாவுக்கு இன்னா பிடிக்கும்? எழுதிக் குடுங்கப்பா" என்றாள் கவிதா. பாசிப்பருப்புக் கடைசல், சுரைக்காய்க் கூட்டு, மிளகு குறைத்த ரசம், பால் பாயசம் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் சத்தமாகப் படித்தாள். நீ வருவதற்கு முன்பிருந்தே நம் கழனியில் நடவு நட்ட அஞ்சலை அப்போது பின்கட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு வாத்தியாரய்யா இது? யாருக்கனா காய்ச்சலா?"

"அம்மாவுக்குத்தான் அஞ்சலக்கா, படையலுக்கு" என்றாள் கவிதா.

"அந்தம்மா என்னிக்கு இத்தத் துன்னுச்சி? உங்களுக்கெல்லாம் போட்டுட்டு, பின்னால வந்து எங்களோட குந்திக்கினு ஆளுங்க சட்டிக் கருவாட்டுக் கொழம்பத்தான் துன்னும். 'இதாண்டி எங்க வூட்டு ருசி'ன்னு வெரல சப்பும்."

"உங்களுக்கே குழம்பு பத்தாதே?" என்றேன் நான்.

"அதெப்படிப் பத்தாமப் பூடும்? உங்கம்மா அந்தாண்ட போனதும் அந்தம்மா ஆளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துமே!"

"இது உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று கவிதா கேட்டாள். மதியத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை.

பட்டியலைக் கோடு போட்டு அடித்தேன். "நீயே வந்து வெச்சுக் குடு அஞ்சலை" என்றேன். "நானா? உள்ள வந்தா?" என்று அவள் என்னையும் அடுப்பங்கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அந்த வாசற்படி தாண்டியதில்லை. அதையும் நான் அன்றுதான் கவனித்தேன். கவிதா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பு. உன் இலையில் முதல் கரண்டி. படைத்து முடிந்ததும் எங்களோடு ஒரே வரிசையில் அஞ்சலையும் உட்கார்ந்தாள். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். இருமினேன். தண்ணீர் குடித்தேன். இந்தத் தடவை வாயைத் திறந்து, "நல்லா இருக்கு. இன்னும் ஒரு கரண்டி ஊத்தும்மா" என்றேன்.

இனி உன் இலைக்கு நான் பட்டியல் எழுத மாட்டேன், பூங்காவனம். நான் இருக்கும்வரை இந்த வீட்டு அடுப்பில் ஒரு சட்டிதான் ஏறும்.

என் குறிப்பில் இரண்டாவது தவறு. உனக்குக் காரம் ஆகாது என்றது மட்டுமல்ல, "உன் சமையல்" என்று எழுதியதும் தவறு. வீட்டுச் சட்டியில் இருந்தது என் அம்மாவின் சமையல். உன் சமையலை நான் இரண்டே தடவைதான் சாப்பிட்டிருக்கிறேன். நீ வந்த முதல் வாரம் ஒரு தடவை. நீ போன பிறகு, அஞ்சலையின் கையால் ஒரு தடவை.

இருமல் இன்னும் அடங்காத,
உன் வீட்டுக்காரன்