சம்பந்தி நீட்டிய மீன்

அக்டோபர் 3, வெள்ளி

காலைச் சாப்பாட்டிலேயே என் மனைவி தோமியே ஆரம்பித்துவிட்டாள். எதை எடுப்பது, மீனா முள்ளங்கியா என்று நான் சாப்பிடும் ஜோடிக் குச்சி அந்தரத்தில் நின்றதாம், தப்பு. ஊறுகாய்க் கிண்ணத்தைக் குச்சியால் இழுத்தேனாம், பெரிய தப்பு. நுனியை நக்கினேனாம். முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவன் நான், இரண்டு டிரிப்புக்கு நடுவே பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டவன். எந்தப் பயணி வந்து குறை சொன்னான்?

பத்தொன்பதாம் தேதி மகளுக்கு நிச்சயமாகப்போகும் மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் விருந்து. அதுவரை நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று அவள் வாயிலிருந்து வந்தேவிட்டது. "போன தடவை வந்தவங்க முன்னாடி சூப்பைச் சோத்துல ஊத்திக் கலக்கிக் குடிச்சீங்களே, பூனைக்கு வைக்கிற மாதிரி. அந்தப் பையனோட அம்மா மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன். மாசம் திரும்பறதுக்குள்ள சம்பந்தம் முறிஞ்சுபோச்சு."

ஆறு வருடமாக இதை மனதில் வைத்திருந்தாளா? காரணம் அது இல்லை அப்பா என்று சிஹாயா அன்றைக்கே சொன்னாள். சொன்னாள்தான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையே. மகளுக்கு இப்போது முப்பத்தாறு வயது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைத் தோமியேவிடம் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வேகவைத்த சேப்பங்கிழங்கைக் குத்தாமல் எடுக்கப் பயிற்சி. வழுக்கித் தொலைகிறது. நாலு கிழங்கு பாயில் உருண்டது. போதுமா மகாராணி என்றேன். ஐந்தாவதை வைத்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

மறுபடியும் சேப்பங்கிழங்கு.

அக்டோபர் 19, ஞாயிறு

ஏரிக்கரை உணவகத்தில் தனி அறை. நாங்கள் மூன்று பேர்; அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளையும் அவன் அப்பா முராகோஷியும் மட்டும் வந்தார்கள். அவர் மனைவி பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

சூப், பச்சை மீன் எல்லாம் ஒரு குறையில்லாமல் முடித்தேன். சுட்ட சங்கரா மீன் முழுசாக வந்தது. முராகோஷி கன்னச் சதையை அழகாகப் பெயர்த்து, "சம்பந்தி, இது உங்களுக்கு" என்று குச்சியாலேயே நேராக என் பக்கம் நீட்டினார். என் சின்னத் தட்டை மாற்றுவதற்காகப் பணிப்பெண் எடுத்துப் போயிருந்தாள்.

ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சியால் வாங்கக் கூடாது, மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். பிணத்தை எரித்த பிறகு எலும்பை எடுக்கும்போதுதான் அப்படிச் செய்வோம். பிப்ரவரியில் அவரும் மகனும் அப்படித்தானே எடுத்திருப்பார்கள். மனுஷர் ஏதோ ஞாபகத்தில் நீட்டிவிட்டார். தோமியே என் தொடையைக் கிள்ளினாள். வாங்காவிட்டால் அந்தக் கை அப்படியே நிற்கும். குச்சியாலேயே வாங்கினேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். போச்சு, இதுவும் என்னால் போச்சு. வாயில் போட்டு மென்றேன்.

"ரொம்ப ருசியா இருக்கு சம்பந்தி. மீனுக்கு ரெண்டு கன்னம் உண்டே, அந்தப் பக்கத்தை நீங்க சாப்பிடுங்க."



"அவளுக்குத்தான் எப்பவும் எடுத்து வைப்பேன்," என்றார் முராகோஷி. பிறகு மீனைப் புரட்டாமலே, முள்ளை விலக்கி மற்றக் கன்னத்தை எடுத்துத் தானே சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தோமியே ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை.

அக்டோபர் 25, சனி

ஏப்ரலில் கல்யாணம் என்று சிஹாயா போனில் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பாதான் தேதி குறித்தாராம்.

சாயங்காலம் தோமியே கடையிலிருந்து கரும்பச்சை அரக்குப் பூசிய குச்சி ஒரு ஜோடி வாங்கி வந்தாள். ஆண்கள் அளவு. இந்த வீட்டில் அவரவருக்கு அவரவர் குச்சி. விருந்தாளிக்கு மட்டும் தாள் உறையில் வருவது. இது யாருக்கு என்றேன்.

"சம்பந்தி அண்ணனுக்கு. இனிமே ஞாயித்துக்கிழமை இங்கதான் சாப்பாடுன்னு சொல்லிட்டேன். தனியா உக்காந்து என்னத்தைச் சாப்பிடுவாரு?"

கழுவித் துடைத்து, சிஹாயாவுடையதும் சேர்த்து எங்கள் மூன்று ஜோடியோடு அதையும் டப்பாவில் வைத்தாள்.