அரசிக்குத் தைத்த உடை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நேற்று போனில் "வேலை எப்படிம்மா போகுது?" என்று கேட்டீர்கள். "நல்லா போகுது" என்றேன். இதைச் சொல்லவில்லை.

வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த நாடகக் குழுவுக்கு எங்கள் அமைப்பு புது உடைகள் தைத்துக் கொடுத்தது. முகாம் கூடத்தில் நான்தான் அவற்றைப் பிரித்துக் கொடுத்தேன். கோமாளி வேடக்காரர் தன் கால்சட்டையை விரித்துப் பார்த்து, "இதுக்குள்ள மொத்தக் குழுவும் குடியிருக்கலாமேப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியாக அரசியின் உடையை எடுத்தேன். யாரும் கை நீட்டவில்லை. அரசியாக நடித்தவர் குழுத் தலைவரின் மனைவி. அவரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தையற்காரரிடம் அளவு சொன்னது தலைவர்தான்.

"பழக்கத்துல அவ அளவையும் சேத்துச் சொல்லிட்டேன் போல" என்றார், தரையைப் பார்த்தபடி.

"பிரிச்சு வேற யாருக்காச்சும் தச்சுக்கலாம்ணே" என்றார் கோமாளி.

"வேணாம்ப்பா. இருக்கட்டும்."

அம்மா, போர்த்திக்கொள்ள உங்கள் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை. தபால் எடுத்துப்போகும் வண்டி கிளம்புகிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்

பி.கு.: நாடகம் நடந்ததா என்று கேட்பீர்கள். அன்று மாலையே நடந்தது. அரசி பேச வேண்டிய இடம் வந்தபோதெல்லாம், அந்த வசனத்தைப் பேசி முடிக்க ஆகும் நேரம்வரை எல்லோரும் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.