குப்பைத்தொட்டியில் முப்பது நாள்

அக்கா,

இன்று காலை விளக்கேற்றிவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். இடம் நிரம்பிவிட்டதாம். எதையாவது நீக்கினால்தான் இனி புதிதாக ஏதும் உள்ளே வருமாம். யார் யார் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கீழே ஒரு பட்டியல். முதல் பெயர் 'மாடி அக்கா'. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் அதிக இடம் இன்னும் உங்களுக்குத்தான்.

'இப்போது வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருபத்து நான்கு வருஷம் இருந்தோம். வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டியபோது மாடி உங்களுக்கும் மாமாவுக்கும், கீழே எங்களுக்கு என்று ஆனது. முட்டிவலி வந்து நீங்கள் படி இறங்குவதை நிறுத்தினீர்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன் என்றால் இப்போது கோபிக்க மாட்டீர்கள். அந்த நிம்மதி பதினைந்து நாள்கூட நிலைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று உங்கள் மகள் ஓசூரிலிருந்து வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் எந்த அறையில் நின்றாலும் உங்கள் குரல் என் இடுப்பில் இருந்தது.

"செல்வி, மோட்டாரு ஓடுது பாரு. தண்ணி வழியுது. காது கேக்கலயா?"

"செல்வி, கேட்ட சாத்துனியா? மாடு உள்ள வந்துடும்."

"செல்வி, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. நேத்து கம்மி. கையில அளவே இல்லியா உனக்கு?"

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஐந்து விநாடிச் செய்தி ஒன்று வந்தது. "செல்வி, இன்னிக்கு வத்தக்குழம்பு நல்லா வந்திருக்கு." அவ்வளவுதான். சொன்னது நீங்கள்தானா என்று மூன்று முறை போட்டுக் கேட்டேன். இருபத்து நான்கு வருஷத்தில் உங்கள் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல வார்த்தை. அதை மற்றவற்றோடு கிடக்கவிட மனமில்லை. ஃபைல்களை இடம் மாற்ற நானாகக் கற்றுக்கொண்டு, அண்ணாமலையார் படங்களும் தீபத்தன்று எடுத்த வீடியோவும் இருந்த 'சாமி' என்ற ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்தேன். நகல் எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது நகர்த்தி வைக்க மட்டும்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, வீடெல்லாம் கழுவி முடித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பூஜை அறைக்குத் திரை போட்டாயிற்று. போனில் இருக்கும் சாமிக்கு? இறந்தவர் குரல் அண்ணாமலையாரோடு ஒரே இடத்தில் இருக்கிறதே. காரியத்துக்கு வந்த ஐயரிடம் மெதுவாகக் கேட்டேன். "போட்டோவ சாமிகூட வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கும்மா. குரலுக்கு ஒன்னும் சொல்லல" என்றார். சொல்லவில்லை என்றால் நாம்தானே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேறு ஒரு ஃபோல்டர் போடலாம் என்றால், அதற்குப் பெயர் வைக்க வேண்டும். துக்க வீட்டில் புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பெயர் வைப்பதா?

அப்போதுதான் குப்பைத்தொட்டி கண்ணில் பட்டது. நீக்கியவை முப்பது நாள் இதில் இருக்கும், வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. தீட்டு பதினாறு நாள். அதுவரை வெளியே இருக்கட்டும், காரியம் முடிந்ததும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். புதன் பகல் பதினோரு மணிக்கு உங்களைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் போட்டேன்.

பதினாறாம் நாளுக்கு முதல் நாள் போளூர்ப் பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தது. இறப்புத் தீட்டு முடிவதற்குள் பிறப்புத் தீட்டு வந்து உட்கார்ந்தது. இன்னும் பதினோரு நாள். அது விட்ட மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல நாள் என்று காலண்டரைப் பார்த்தால் அஷ்டமி. அடுத்த வெள்ளியோ பௌர்ணமி. பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வருவது சும்மாவா? விரலை மடக்கி எண்ணினேன். அன்றுதான் முப்பதாவது நாள். இருந்தால் என்ன, முப்பதாவது நாளும் நாள்தானே.

அந்த வெள்ளியன்று தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, போனுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். மணி பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். முப்பது நாள் பொறுத்தவளுக்கு ஒன்றரை மணி நேரம் பெரிதா? உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஐந்துக்குத் திறந்தேன்.

'குப்பைத்தொட்டி காலியாக உள்ளது.'

பதினோரு மணிக்குப் போட்டதை அது பதினோரு மணிக்கே துடைத்துவிட்டிருக்கிறது. போனுக்கு ராகு காலம் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நம் இருவருடைய பேச்சும் இருக்கும் பக்கத்துக்குப் போய் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடி அழுத்தினேன். ஃபைல் இங்கே இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று போன் சொன்னது. உங்கள் போனையோ, அதற்குள் உங்கள் மகள் முழுக்கத் துடைத்துப் பேத்தியின் பாடத்துக்குக் கொடுத்துவிட்டாள். அங்கேயும் இல்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா ஆச்சு?"

"அக்கா போயிட்டாங்க."

"அது ஆயி ஒரு மாசம் ஆச்சே" என்றார் பாவம்.

அழித்ததை மீட்டுத் தரும் ஆப் ஒன்றை இறக்கினேன். நான்கு விளம்பரம் காட்டிவிட்டு, ஆயிரத்துச் சொச்சம் படங்களைக் கொண்டுவந்து கொட்டியது. நான்கு வருஷமாக நான் அழித்த குட் மார்னிங் படங்கள் எல்லாம், ரோஜாப்பூவும் காபிக் கோப்பையுமாக, எழுந்து வந்து நின்றன. நீங்கள் மட்டும் வரவில்லை.

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள ஒரு செல்போன் கடைக்குப் போனேன். நடத்துவது என் வயதுப் பெண்மணி ஒருவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னா ஃபைலுங்க?"

"ஒரு குரல்ங்க. எங்க ஓரகத்தியோடது."

"ஓரகத்தி குரலு திரும்ப வேணும்னா வந்திருக்கீங்க? பதினெட்டு வருஷமா கடை வச்சிருக்கேன், இந்தக் கேஸு இப்பதான் பாக்கறேன்."

நடந்ததைச் சொன்னேன். தீட்டுக் கணக்கைச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். ராகு காலத்துக்கு வந்ததும் முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அழிச்சது உடனே போயிடாதுங்க. இடம் காலின்னு போன் எழுதி வச்சுக்கும், அவ்ளோதான். வேற ஏதாவது வந்து அதுமேல உக்காந்தாதான் போச்சு. நீங்க இறக்குனீங்களே அந்த ஆப்பு, அதுவே போயி உக்காந்திருக்கும். இனிமே ஒரு போட்டோ எடுக்காதீங்க, நெட்டு போடாதீங்க. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வைக்கறேன், அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துனு வாங்க."

ஒரு வாரம் போனுக்கு விரதம் அக்கா. அணைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, அரிசி டப்பா மேல் வைத்தேன். என் தங்கை இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று செங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு கடைக்கார அம்மா ஒரு மணி நேரம் போராடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப வர்ற போன்ல எல்லாத்தையும் பூட்டுப் போட்டு வச்சிடறாங்க. அழிஞ்சா சாவியும் சேந்து போயிடுது. வராதுங்க. பொய் சொல்லி உங்கள அலைய விட மாட்டேன்."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் போனைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"அதான் மத்ததெல்லாம் இருக்கே. நானூத்திப் பன்னெண்டு இருக்கு உங்க ஓரகத்தி பேசினது."

"அதெல்லாம் திட்டுங்க. நல்ல வார்த்தை அது ஒன்னுதான்."

"நானூத்திப் பன்னெண்டையும் முழுசா கேட்டிருக்கீங்களா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. பால்காரர் வராத நாள் முதல் கேஸ் மாற்றிய தேதி வரை எழுதி வைக்கிறவள் நான். என் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டு வருவதா? வீட்டுக்கு வந்ததும் நோட்டில் கோடு போட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். மோட்டார், கேட், உப்பு ஜாஸ்தி, உப்பு கம்மி, இதர வகை என்று ஐந்து கட்டம். ஆறாவதாக 'நல்லது' என்று ஒன்றைப் போட்டு, அதைக் காலியாக விட்டேன்.

முதல் நாளே வீடு கலகலத்துவிட்டது. "கேட்ட சாத்துனியா?" என்று நீங்கள் கேட்டதும், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்துபோய் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. என்னை முறைத்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டீர்கள். மறுபடி எழுந்தார்.

மூன்றாம் நாள் மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நீங்கள் போன பிறகு சாப்பாட்டுக்குக்கூட இறங்காத மனுஷன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக வந்து, அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"என்னப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா?"

இருந்தது. போட்டேன். "செல்வி, உங்க மாமா இன்னிக்கும் மாத்திரை போடல. கேட்டா போட்டேன்னு சாதிக்கறாரு. நீ வந்து கேளு."

"போட்டேன். அவ பாக்கல" என்றார் மாமா, போனைப் பார்த்து. பிறகு, "இன்னொரு தரம் போடு" என்றார். நான்கு தரம் போட்டேன். நான்கு தரமும் அவர் அதே பதிலைச் சொன்னார். மாத்திரைக்கென்று நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட வேண்டியதாயிற்று.

ஒன்பதாம் நாள். முந்நூற்று எழுபத்து மூன்றாவது. ஒரு நிமிஷம் பத்து விநாடி என்று இருந்தது. நீங்கள் அவ்வளவு நீளமாகத் திட்டியது எனக்கு நினைவில்லை. அழுத்தினேன்.

"செல்வி, மோட்டாரு நின்னுடுச்சா பாரு." பேனாவை மோட்டார் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். குரல் நிற்கவில்லை. "ம்... நின்னுடுச்சுபோல, சத்தத்தக் காணோம். சரி வுடு. காலையில நீ வண்டி எடுத்துனு போனத மேலேருந்து பாத்தேன். தெருமுனையில அந்த லாரி வந்துச்சு பாரு, எனக்கு உசுரே இல்ல. நீ நின்ன, ரெண்டு பக்கமும் பாத்த, அப்பறம் திரும்பின. இந்த வயசுல உனக்கெதுக்கு வண்டின்னு நான்தான் சண்ட போட்டேன். கத்துக்க எனக்கு தைரியம் வரல, அதான் உன்னையும் வேணாம்னேன்னு வச்சிக்கயேன். நல்லாதான் ஓட்டற. தனியாவே கத்துக்கிட்ட. நானா இருந்தா மாட்டேன்... ஆனா திரும்பும்போது அந்த லைட்டு போடல நீ. அதப் போடு."

மாமா நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்கு நேர் கீழே நான் அனுப்பிய பதில் இருந்தது. "சரிக்கா." நேரத்தைப் பார்த்தேன். உங்களுடையது நான்கு பன்னிரண்டு. என்னுடையதும் நான்கு பன்னிரண்டு. நீங்கள் பேசியதே ஒரு நிமிஷத்துக்கு மேல். மோட்டார் என்ற சொல் காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டு, 'சரிக்கா' என்று தள்ளிவிட்டிருக்கிறேன். கணக்கு பொய் சொல்லவில்லை. கேட்காதவள் நான்தான்.

மீதியையும் கேட்டு முடித்தேன். அந்த மாதிரி இன்னொன்று இல்லை. பிறகு நோட்டைத் திருப்பி, என் பக்கத்துச் செய்திகளுக்கு ஒரு கணக்குப் போட்டேன். சரிக்கா, வரேங்க்கா, அப்பறம்க்கா, ம். உங்கள் வத்தக்குழம்பைத்தான் நான் இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அதை உங்களிடம் சொன்னதாக ஒரு இடத்திலும் இல்லை. எழுதி வைக்கிறேன் அக்கா, உங்கள் கைப்பக்குவம்தான் அது.

அந்த ஒரு நிமிஷம் பத்து விநாடியை இப்போது நான்கு இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மாமா போனில் ஒன்று, ஓசூரில் ஒன்று, என் தங்கையிடம் ஒன்று, கடைக்கார அம்மாவின் கம்ப்யூட்டரில் ஒன்று. அவர் அதைக் கேட்டுவிட்டு, சோளிங்கரில் இருக்கும் தன் ஓரகத்தியைக் கூப்பிட்டுப் பேசினாராம். பத்து நிமிஷத்தில் சண்டை வந்துவிட்டதாம்.

தினமும் காலையில் வண்டியை எடுக்கிறேன். தெருமுனையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, லைட்டைப் போட்டுத் திரும்புகிறேன். முன்னும் பின்னும் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் போடுகிறேன். திரும்பிய பிறகு அணைக்கத்தான் நினைவு வருவதில்லை. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வருகிறது. பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள், "ஏம்மா, திரும்பறியா இல்லியா?" என்று கத்திக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். நான் 'சரிக்கா' என்று சொல்லிவிடாமல், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன்.