துணிக்கடைப் பையில் வந்த மருந்து

அப்பா,

பரணில் வேறெதையோ தேடப்போய் அந்தத் துணிக்கடைப் பை கையில் சிக்கியது. பிரித்ததும் லேசாக மருந்து வாசம். உள்ளே உங்கள் பச்சைக்கரைத் துண்டு. ஏறி நின்ற ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைத் துடியலூர் வாடகை வீட்டு மாடிக்குக் கூட்டிவந்த அன்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். குணமாக்க இனி வழியில்லை, ஆனால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார் என்று. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவுக்கு இதே புற்றுநோய் வந்தபோது, "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றதோடு வைத்தியம் முடிந்துபோனதே! அந்தியூரில் அப்போது நமக்கிருந்த சொந்த வீட்டில் அம்மா கத்தியது தெருமுனைவரை கேட்டது. நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் போய் நின்றீர்கள்.

நர்ஸம்மா வந்து, கழுத்துப் புண்ணைக் கழுவிக் கட்டி, வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போன பிறகு நன்றாகத் தூங்கி எழுந்தீர்கள். எழுந்ததும் நீங்கள் சொன்னது இது: "உங்கம்மாளுக்குச் சொந்த ஊடு இருந்துச்சு, மருந்து இல்ல கண்ணு. எனக்கு மருந்து தேடி வருது, ஊடுதான் நம்முளுது இல்ல."

அதுதானே நம் கழுத்தில் விழுந்த சுருக்கு. வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா வீட்டை வாடகைக்கு விடும்போதே சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார். தெரிந்தால் காலி செய்யச் சொல்வார். உங்களுக்கோ உங்கள் கட்டிலில், என் பக்கத்தில்தான் கண்மூட வேண்டும். அதனால் நர்ஸிடம் கெஞ்சினேன். வண்டியைப் பஸ் ஸ்டாப்பிலேயே நிறுத்திவிடுங்கள், வெள்ளைக் கோட்டு வேண்டாம், மருந்தை இந்தப் பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்று. "பாதி ஊடுகள்ல இந்தக் கததானுங்க" என்று பையை வாங்கிக்கொண்டார், புண்ணியவதி.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா படியிலேயே அவரை மடக்கிவிட்டார். "ஏனுங்க, தவணைக்குச் சேல குடுக்கறீங்களாட்ட இருக்குது? எங்களுக்குங் காட்டறது!" நர்ஸ் அசரவில்லை. "இன்னிக்கு எல்லாம் வித்துப்போச்சுங்க. அடுத்த வாட்டி பட்டே கொண்டாறனுங்க." உள்ளே வந்து அதைச் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள், கட்டு அவிழுமளவுக்கு. அந்த வீட்டில் நாம் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

மற்ற நாளெல்லாம் பொறிக்குள் இருந்த மாதிரிதான். சாயங்காலம்வரை டிவியைச் சத்தமாக வைத்திருப்பேன். யார் வந்தாலும் கதவைப் பாதிதான் திறப்பேன். புண்ணைக் கழுவும்போது மட்டும் எந்த மாத்திரைக்கும் அடங்காத வலி. "கத்துங்கய்யா, பரவால்ல" என்பார் நர்ஸ். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு இந்தத் துண்டை வாயில் திணித்துக்கொள்வீர்கள். "கீழ கேக்கும் கண்ணு." அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேனே அப்பா.

அத்தனையும் உங்கள் தங்கையால் பாழானது. சீக்காளியைப் பார்க்க வராவிட்டால் சொந்தம் என்ன பேசும்? அந்தியூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு, சாத்துக்குடியும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு வந்து வாசல் கேட்டருகிலேயே மாரில் அடித்துக்கொண்டார் அத்தை. "எங்கண்ணன் சாகக் கெடக்குதே!"

வேன் போனதும் வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. பையனுக்கு இப்பத்தான் கண்ணாலங் கூடி வருதுங்க…" நான் வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். "போயர்றமுங்க. உங்க ஊட்டுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டனுங்க."

சரவணம்பட்டிப் பக்கம் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்க்கும் இல்லத்தில் சேர்த்தேன். குறை சொல்ல முடியாத இடம். புண் கழுவ வந்தவர்கள் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் நான் போகும்போதெல்லாம், "ஊட்டுக்கு எப்பப் போலாங் கண்ணு?" என்றுதான் கேட்டீர்கள். இறந்த பிறகும் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அங்கிருந்து நேராக மின்மயானம். இதை எழுதும்போதும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

நீங்கள் போன பிறகு என்னை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. என் பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில் என்று நான் இன்னும் இதே மாடியில்தான் இருக்கிறேன். போன மாதம் வீட்டுக்கார அம்மாவுக்கு வந்த மருமகள் மேலே வந்து நின்றாள். "அக்கா, உங்கப்பாவுக்கு ஒரு நர்ஸ் வந்தாங்களாமா, அவங்க நெம்பர் இருக்குதுங்களா? எங்க அத்தைக்கும் அதே சீக்குங்க, முடியலீங்க." இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. கொடுத்துவிட்டேன். இப்போது நர்ஸ் வண்டி கேட்டுக்கு நேராகவே நிற்கிறது. நர்ஸ் வெள்ளைக் கோட்டோடு இறங்குகிறார்.

இன்று நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது கீழே புண் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா, "ஐயோ சாமீ, ஐயோ சாமீ" என்று வீடு அதிரக் கத்தினார். சற்றுப் பொறுத்து மருமகள் வந்து கதவைத் தட்டினாள். "சத்தம் தொந்தரவா இருக்குதுங்களாக்கா?"

"கத்தட்டும் கண்ணு. அவங்க ஊடு" என்றேன்.

அவள் இறங்கிப்போனதும் கதவைச் சாத்தினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உங்கள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன் அப்பா. கீழே கேட்டுவிடுமே.